நெற்றியில் மூன்று சுழி

மூன்றாவது நாளும் மாடு பூபதிராஜாவுக்கு முகத்தைக் காட்டவில்லை.

முதல் நாள் வாலைக் காட்டியது. இரண்டாம் நாள் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து அசை போட்டது. இவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் அது எழுந்து இந்தப் பக்கம் திரும்பியது. மூன்றாம் நாள் சாயங்காலம் வரைக்கும் தாளில் தேறியது நாலு கால், ஒரு வயிறு, அழித்து அழித்துக் கறுத்துப்போன ஓர் இடம். அந்த இடத்தில்தான் முகம் வரவேண்டும்.

பூபதிராஜா கேரள எல்லையோரத்து மீனாட்சிபுரத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பிளெக்ஸ் கடை வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டே பழகிய கை. பென்சிலைத் தொட்டுப் பத்து வருஷம் ஆகியிருக்கும். ஆனால் நர்மதா டீச்சர் கடைக்கே வந்து கேட்டபோது அந்த உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

டீச்சர் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர். பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதியிருந்தார். பெயர் 'சொசைட்டிக்குப் போன சிவப்பி'. வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்துவிட, சிவப்பி என்கிற மாடு தானே பால் கேனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்கு நடந்து போகிற கதை. உள்பக்கப் படங்களைப் பிள்ளைகளே வரைந்துவிட்டார்கள். அதில் சிவப்பிக்கு ஒரு பக்கத்தில் நாலு காலும் இன்னொரு பக்கத்தில் ஆறு காலும் இருந்தன, அதைப் பற்றி யாருக்கும் குறையில்லை. அட்டைக்கு மட்டும் ஒரு நிஜமான ஆர்ட்டிஸ்ட் வேண்டும் என்று டீச்சர் ஆசைப்பட்டார்.

"உங்களை விட்டா நம்மூர்ல ஆர்ட்டிஸ்ட் வேற யாருங்க?"

இந்த ஒரு கேள்வியில் மனுஷன் விழுந்துவிட்டான். அதுவரை அவன் பெயர் அச்சானதெல்லாம் பிளெக்ஸின் அடி மூலையில், போன் நம்பரோடு, எறும்பு அளவில். இப்போது புத்தகத்தின் பின்னட்டையில் 'அட்டை ஓவியம்: பூபதிராஜா' என்று வரும். அவன் மனைவி கற்பகம் அன்று சாயங்காலத்துக்குள் பிறந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். புத்தகம் வந்ததும் அட்டையைக் கிழித்து மாட்டுவதற்குக் கண்ணாடி போட்ட ஃபிரேம்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். யாரும் கேட்காமலே, "நெஜ மாட்டைப் பாத்துத்தாங்க டீச்சர் வரைவேன், அதுதான் கலை" என்று வேறு சொல்லிவைத்தான். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் அக்காவின் மாட்டுக் கொட்டகையில் மூன்று நாளாக ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதாயிற்று. போவோர் வருவோரெல்லாம் வேலியோரம் நின்று, ஆர்ட்டிஸ்ட் வேலை செய்கிறார், சத்தம் போடாதே என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பழனாத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் போய் ஆறு வருஷம். இருப்பது ஒரே மாடு, செவலை. காலையிலும் சாயங்காலமும் சொசைட்டி வரிசையில் முதல் கேன் அவளுடையதுதான். மகன் மயில்சாமிக்குத் திருப்பூரில் வேலை. அங்கே அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கிவிட்டான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இடையில் நின்றது மாடு ஒன்றுதான். லிஃப்டில் மாடு ஏறாது.

மாட்டை விற்பதற்குப் பழனாத்தாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அறுப்புக்குப் போகிற வண்டியில் ஏற்றக்கூடாது, கட்டி வைத்துக் கறக்கிற வீட்டுக்குத்தான் போகவேண்டும். மாட்டுத் தரகர் சின்னையன் முதலமடைப் பக்கம் அழகுமலை என்கிற ஒரு நல்ல பண்ணையக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அழகுமலை வந்து பார்த்து, கறந்து பார்த்து, சம்மதம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு நல்ல நாளில் ஓட்டிப் போவதாகப் பேச்சு. பழனாத்தாளுக்கு யோகம்தான், இனிமேல் சாணி அள்ள வேண்டாம், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம் என்று தெருவே பேசிக்கொண்டது.

இந்த மாடுதான் பூபதிராஜாவுக்கு முகத்தைக் காட்டமாட்டேன் என்றது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் பொறுமை தீர்ந்தது. போனை எடுத்து, பிள்ளைகளுக்கான மாட்டுப் படம் என்று தேடினான். நூற்றுக்கணக்கில் வந்து நின்றன. அதில் ஒரு வெளிநாட்டு மாடு, பச்சை மலை அடிவாரத்தில், நேராக இவனையே பார்த்துச் சிரித்தது. மூன்று நாளில் ஒரு மாடு அவனை மதித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பழனாத்தாள் மோர் டம்ளரோடு நின்றிருந்தாள். பூபதிராஜா போனைத் தொடையில் கவிழ்த்தான்.

"ஆச்சுங்களா தம்பி?"

"ஆச்சுங்கக்கா. மூஞ்சி மட்டுந்தான் பாக்கி."

அவள் மாட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மோரைக் குடியுங்கள், வெயிலுக்கு நல்லது என்று சொல்லி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தப்பித்தோம்டா சாமி என்று அவன் ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

கடைக்குப் போய் அந்த வெளிநாட்டு மாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மேலேயே கோடு இழுத்து, சிவப்புச் சாயம் கொடுத்தான். பச்சை மலையைத் தூக்கிவிட்டு ஆனைமலையை வைத்தான். ஓரத்தில் ரெண்டு தென்னை. மாட்டின் வாயில் பால் கேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆனால் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. திருடின பண்டத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி இருந்தது. தன் கைவேலை என்று ஏதாவது ஒன்று இருக்கட்டுமே என்று பார்த்தான். நெற்றி காலியாகத் தெரிந்தது.

பிளெக்ஸ்காரனுக்குக் காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கல்யாண பிளெக்ஸின் மூலைகளில் போடுகிற சுருள் டிசைன் ஒன்று உண்டு. அதில் மூன்றை எடுத்து, மேலே ரெண்டு, கீழே ஒன்று என்று நெற்றியில் முக்கோணமாக வைத்தான். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. அந்த முழுப்படத்தில் அவனுடைய சொந்தச் சரக்கு அந்த மூன்று சுருள்தான்.

டீச்சர் படத்தைப் பார்த்து உருகிப்போனார். உடனே பால் சொசைட்டியின் வாட்ஸப் குரூப்பில் போட்டார். கை தட்டுகிற படம், பூப்போடுகிற படம், பூபதியண்ணன் பின்னிட்டார் என்கிற பாராட்டு என்று ஒரு மணி நேரம் மழையாகக் கொட்டியது. கற்பகம் அவற்றை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தாள். அப்போதுதான் தரகர் சின்னையனின் குரல் செய்தி வந்தது. அவருக்கு எழுத வராது, எதுவானாலும் பேசித்தான் அனுப்புவார்.

"இது நம்ம பழனாத்தா ஊட்டு மாடுதானுங்களே? நெத்தியில மூணு சுழி தெரியுதுங்க. முக்கண் சுழிங்க இது. இந்த மாடு போய்ச் சேர்ற ஊட்டுல வெளக்கு நின்னு எரியாதுங்க."

அதற்குப் பிறகு குரூப்பில் ஒரு பூகூட விழவில்லை.

மாடு வாங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தில் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். உடம்பில் மயிர் எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று தடவித் தடவி எண்ணுவார்கள். நெற்றியில் ஒரு சுழி இருந்தால் சரி. மூன்று இருந்து முக்கோணமாக நின்றால் அந்த மாட்டைச் சும்மா கொடுத்தாலும் யாரும் கட்டமாட்டார்கள். மீனாட்சிபுரத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூபதிராஜாவுக்குத்தான் தெரியாது. அவன் அப்பா பஸ் கண்டக்டர். வீட்டுக்கு வீடு மாடு கட்டியிருக்கிற ஊரில் பாக்கெட் பால் வாங்கி வளர்ந்த ஒரே பிள்ளை அவன்தான்.

மறுநாள் காலையில் பழனாத்தாள் வாசலில் எட்டுப் பேர் நின்று மாட்டின் நெற்றியைப் பார்த்தார்கள். இவன் மூன்று நாள் கெஞ்சியும் காட்டாத முகத்தை அது அவர்களுக்கு நிதானமாகக் காட்டியது. எல்லா மாட்டுக்கும் இருக்கிற ஒரு சுழி இதற்கும் இருந்தது. மனது வைத்துத் தேடியதில் எட்டரை மணிக்கு ரெண்டாவது சுழி கிடைத்தது. பத்து மணிக்கு மூன்றாவதும் கிடைத்துவிட்டது.

இதே மாட்டைப் பார்த்துச் சுத்தமான மாடு என்று சொல்லி அழகுமலையைக் கூட்டிக்கொண்டு வந்தவர் சின்னையன்தான். அவர்தான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவரோ தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்.

"முப்பது வருசமா மாடு பாக்கறனுங்க, எனக்கே தட்டுப்படலீங்க. மூணு நாள் குத்த வெச்சுப் பாத்த கண்ணுக்குத்தானுங்க தட்டுப்பட்டிருக்குது. ஆர்ட்டிஸ்ட் கண்ணுங்க அது."

எல்லோரும் திரும்பிப் பூபதிராஜாவை மரியாதையாகப் பார்த்தார்கள். அவனுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. மத்தியானத்துக்குள் அழகுமலை போன் செய்து, மாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். இது உங்கள் மாடு இல்லை, போனில் எடுத்த படம் என்று சொன்னால் எல்லாம் தீர்ந்துபோகும். பூபதிராஜா அன்று சாயங்காலம் அதைச் சொல்லிவிடுவது என்றுதான் பழனாத்தாள் வீட்டுக்குப் போனான். திருப்பூரிலிருந்து வந்திருந்த மயில்சாமி வாசல்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவனைப் பார்த்ததும் எழுந்து, "உங்க மேல தப்பில்லீங்ணா. இருக்கறதைத்தான வரைஞ்சீங்க" என்றான். வாய்க்குள் வந்த வாக்கியம் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

படத்தை மாற்றிப் போட்டுவிடுகிறேன் என்று மட்டும் பழனாத்தாளிடம் சொன்னான்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க தம்பி" என்றாள் அவள். "படம் நல்லாத்தான் இருக்குது. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் பெருந்தன்மை அவனைக் குத்திக் கிழித்தது. போதாததற்கு இன்னொன்றும் கேட்டாள். அந்தப் படத்தையே பெரிதாகப் பிளெக்ஸ் அடித்துத் தர முடியுமா, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கலாம் என்று. தன் மாட்டுக்கு வந்த பெருமையாக நினைக்கிறாளே, எவ்வளவு வெள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டான். ஆறடிக்கு நாலடியில் அடித்து, தானே ஏணி போட்டு ஏறி, கேட்டுக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்தான். அடுத்த வாரம் நல்லேபிள்ளியிலிருந்து மாடு பார்க்க வந்த ஒருவர் பிளெக்ஸைப் பார்த்தார். பைக்கிலிருந்து இறங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பூபதிராஜா படத்தைத் திருத்தத் தொடங்கினான். சுருளை அழித்துவிட்டால் ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள். அதனால் நெற்றியில் மாட்டுப் பொங்கலுக்குப் போடுகிற மாதிரி ஒரு செண்டுமல்லி மாலையைச் சுற்றிவிட்டான். சுருள் மூன்றும் மாலைக்குள் மறைந்தன. குரூப்பில் போட்டான். சின்னையன் குரல் உடனே வந்தது. விற்கிற மாட்டுக்கு நெற்றியில் மாலை போட்டிருந்தால் மாலைக்கு அடியில் என்ன என்று பார்க்க வேண்டும், தரகுத் தொழிலில் இது பாலபாடம் என்று விளக்கினார். அதுவரை நம்பாமல் இருந்த நாலு பேரும் அன்றைக்கு நம்பினார்கள்.

நெற்றியே வேண்டாம் என்று முடிவு செய்தான். மாட்டைத் திருப்பி நிற்கவைத்தான். சிவப்பி சொசைட்டியை நோக்கி நடந்து போகிறாள், நமக்குத் தெரிவது பின்பக்கம் மட்டும். முதல் நாள் செவலை அவனுக்குக் காட்டிய காட்சி அதுதான் என்பதால், அந்தப் படத்தை மட்டும் அவன் நிஜமாகவே பார்த்து வரைந்தான் என்று சொல்லலாம். வாலின் அடியில் நிழலுக்காகக் கொஞ்சம் கறுப்புத் தீட்டியிருந்தான். அது துடைப்பச் சுழி என்றார் சின்னையன். வந்த வீட்டைத் துடைத்து வெளியே கொட்டிவிடுகிற சுழியாம். முன்னால் முக்கண், பின்னால் துடைப்பம், இப்படி ஒரு மாட்டைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு பக்தியே இருந்தது.

நர்மதா டீச்சர் அன்றைக்குத்தான் கடைக்கு வந்து கோபப்பட்டார். பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது மாட்டின் குண்டியாகவா இருக்க வேண்டும் என்று கேட்டார். பிள்ளைகளுக்கு முதல் படம்தான் பிடித்திருக்கிறது, சுருள் சுருளாக அழகாக இருக்கிறது என்கிறார்கள், அதையே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், இனிமேல் மாட்டின் மேல் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே மூன்று மாதம் போனது. மாடு பார்க்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பழனாத்தாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாறாக, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற வழியில் தினமும் இவன் கடையில் ஒரு டம்ளர் மோர் வைத்துவிட்டுப் போனாள். கறிவேப்பிலை கிள்ளிப்போட்ட நல்ல மோர். அவனுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. ஒருநாள் அவள் கையில் புதுப் பால் கேன் இருந்ததைப் பார்த்தான். மகனோடு போகிற நம்பிக்கையே விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, இல்லையென்றால் எதற்குப் புதுக் கேன் வாங்குகிறாள் என்று நினைத்து அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு காதுகுத்து பிளெக்ஸில் குழந்தையின் பெயரையும் தாய்மாமன் பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஃபிரேம் சுவரில் ஏறிவிட்டது, அட்டை மட்டும்தான் உள்ளே வரவேண்டும். "ஏனுங்க, வெறும் ஃபிரேமைப் பாத்தா எதுக்குங்க மூஞ்சியத் திருப்பிக்கறீங்க?" என்று கற்பகம் ஒருநாள் கேட்டேவிட்டாள். கண்ணாடியில் தன் மூஞ்சி தெரிகிறது என்று அவன் எப்படிச் சொல்வான்.

புத்தக வெளியீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டி ஹாலில் வைத்தார்கள். நோட்டீஸில் மலையாள வழக்கப்படி 'புஸ்தகப் பிரகாசனம்' என்று போட்டிருந்தது. அந்த நோட்டீஸையும் இவன்தான் அடித்துக் கொடுத்தான். விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் டீக்கடையில் மயில்சாமி இவனைப் பிடித்துக்கொண்டான். முகம் வாடியிருந்தது.

"நாளைக்குக் காலைல பஸ் ஏறிருவனுங்ணா. இனி இந்தப் பேச்சையே எடுக்கப்போறதில்லீங்ணா. மாமனாரும் மாமியாரும் ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்காங்க, அந்த ரூமை அவிகளுக்கே குடுத்தறலாம்னு இருக்கறேன். அம்மா இங்கயே இருக்கட்டும். தலையெழுத்துங்ணா."

பூபதிராஜாவுக்கு டீ கசந்தது. ஒரு தாயையும் மகனையும் மூன்று சுருள் டிசைன் போட்டுப் பிரித்துவிட்டோமே என்று நினைத்தான். இனி அந்த அம்மாளுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி என்றால் யார் பார்ப்பார்கள்? கதையில் வருகிற சிவப்பியா கேனைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறாள்? அவனுக்குத் தன்னைக் கண்டாலே அருவருப்பாக இருந்தது.

ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் சின்னையனும், அவருக்குப் பக்கத்தில் வேறு ஏதோ மாடு பார்க்க வந்த அழகுமலையும் இருந்தார்கள். கடைசி வரிசையில் ஜன்னலோரம் பழனாத்தாள். பஞ்சாயத்து மெம்பர் புத்தகத்தை வெளியிட்டார். பிறகு பூபதிராஜாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நர்மதா டீச்சர் மைக்கில், மாட்டின் முன்னால் மூன்று நாள் தவம் இருந்து, தரகர் கண்ணுக்கே தெரியாததைக் கண்ட கலைஞர் என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ரெண்டாவது வரிசையில் கற்பகம் தட்டிய சத்தம் தனியாகக் கேட்டது.

பொன்னாடை கழுத்தில் கனத்தது. ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவன் புத்தகத்தைப் பார்த்தான். அட்டையில் வெளிநாட்டு மாடு அவனையே பார்த்துச் சிரித்தது.

"இது பழனாத்தாக்கா ஊட்டு மாடு இல்லீங்க" என்றான்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் சொன்னான்.

"மூணு நாளும் அந்த மாடு என்ற பக்கம் திரும்பவே இல்லீங்க. எனக்கு வரையவும் வரலீங்க. போன்ல ஒரு வெளிநாட்டு மாட்டைப் பாத்து அது மேலயே கோடு போட்டுட்டேன். அந்த மூணு சுழியும் சுழியே இல்லீங்க, கல்யாண பிளெக்ஸ் மூலைக்குப் போடற டிசைனுங்க. அக்கா மாடு சுத்தமான மாடுங்க. இத்தனை நாளாச் சொல்லத் தைரியம் இல்லாமப் போச்சுங்க."

கண்ணைத் திறந்தபோது கற்பகம் தலையைக் குனிந்திருந்தாள். முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து, அப்படியென்றால் சிவப்பி இங்கிலீஷ் மாடா டீச்சர் என்று கேட்டது. அங்கே இங்கே சிரிப்பு கிளம்பியது. போன ஆவணியில் கல்யாணம் முடித்த ஒருவன், தன் கல்யாண பிளெக்ஸிலும் அந்தச் சுழிதான் இருந்ததா என்று பக்கத்திலிருந்தவனிடம் கவலையாக விசாரித்தான்.

சின்னையன்தான் முதலில் சுதாரித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாடு சுத்தம் என்று அன்றைக்கே பார்த்துச் சொன்னவன் நான்தானே, முப்பது வருஷக் கண் பொய் சொல்லுமா என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். முக்கண் சுழியைக் கண்டுபிடித்தது யார் என்று அவருக்கு நினைவூட்ட யாருக்கும் தோன்றவில்லை. அழகுமலையும் எழுந்தார். தனக்கு அந்த மாட்டின் மேல் முதலிலிருந்தே ஒரு கண்தான், வண்டி வெளியேதான் நிற்கிறது, இன்றைக்கே ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.

அவ்வளவுதான். மயில்சாமி மேடைக்கே ஓடிவந்து பூபதிராஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அம்மாவை நாளைக்குக் காலையில் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான். டீச்சர் மைக்கை வாங்கி, வரைவதற்குக் கை போதும், இதைச் சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும் என்றார். அதற்கு விழுந்த கைதட்டல் பொன்னாடைக்கு விழுந்ததைவிடப் பெரிது. கற்பகம்கூடத் தலையை நிமிர்த்திக் கொஞ்சம் தட்டினாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பூபதிராஜா கூன் இல்லாமல் நின்றான். உண்மை பேசுவது இவ்வளவு சுகம் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே பேசியிருப்பேனே என்று அவனுக்குத் தோன்றியது.

மேடையை விட்டு இறங்கி, தட்டிக் கொடுத்த கைகளையெல்லாம் தாண்டி, நேராகக் கடைசி வரிசைக்குப் போனான். பழனாத்தாள் கை தட்டவில்லை. மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அழகுமலையின் மினி லாரி அவள் வீட்டுச் சந்துக்குள் பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று அவன் நினைத்தான்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றான். "ஒரு வழியா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுங்க."

பழனாத்தாள் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"மோர் கொண்டாந்த அன்னைக்கே உங்க போன்ல அந்த மாட்டைப் பாத்துட்டனுங்க தம்பி, அந்த மூணாவது மாடியில போய் அடையக் கூடாதுன்னு நான் மூணு மாசம் வாயை மூடிட்டு இருந்தேன், நாளைக்குக் காலைல அவன் பஸ் ஏறற வரைக்கும் உங்களால மூடிட்டு இருக்க முடியலீங்களா?"